கார் கிளம்பவில்லையா? காதைக் கொடுத்துக் கேளுங்கள்!

அதிகாலை மணி 4.

திருப்பூர் நகரம் இன்னும் விழிக்கவில்லை. இரவு ஷிப்ட் ஓடும் ஒன்றிரண்டு நிட்டிங் பட்டறைகளில் மட்டும் எந்திரச் சத்தம் கேட்கிறது.

அந்த நேரத்தில் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கும் மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

அப்பா சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறவர். பத்துத் தையல் எந்திரங்கள். வாசலில் ஒரு பழைய கார். அவசரமாக ஓடிப்போய் உட்கார்ந்து, சாவியைத் திருப்புகிறார்.

"டக்!"

அவ்வளவுதான். கார் கிளம்பவில்லை. மறுபடியும் திருப்புகிறார். மறுபடியும் "டக்!"

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பதறுகிறார் மனைவி.

"தெரியலியே! ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு!"

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். "பேட்டரி போச்சுங்க. புதுசுதான் போடோணும்" என்றார் ஒருவர். "தள்ளிப் பார்க்கலாமுங்க" என்றார் இன்னொருவர். "பெட்ரோல் இருக்குதுங்களா?" என்று கேட்டார் மூன்றாமவர். ஆளுக்கு ஒரு வைத்தியம்!

உள்ளே இருந்து பாட்டியின் குரல் கேட்டது. "வண்டியை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல புள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கப்பா!"

பாட்டி சொன்னதுதான் சரி. 108-க்குப் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தது. மகளை ஏற்றிக்கொண்டு போனது.

பொழுது விடிந்ததும் மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறந்தார். பேட்டரியின் தலையில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது. பொடியைத் துடைத்தார். நட்டை முறுக்கினார். பத்தே நிமிஷம்! சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

புதுப் பேட்டரி தேவைப்படவில்லை. பெட்ரோலிலும் குறை இல்லை. தளர்ந்துபோன ஒரு நட்டுதான் காரணம்!

இந்தக் குடும்பம் கற்பனைதான். ஆனால் கார் வைத்திருக்கும் பல வீடுகளில் இப்படி ஒரு காலைப்பொழுது வந்தே தீரும். அன்றைக்கு என்ன செய்வது? எதைச் செய்யக்கூடாது?

தையல்காரருக்குத் தெரிந்த பாடம்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பாடம் புதிது அல்ல.

ஓவர்லாக் எந்திரம் ஓடும்போது சத்தம் மாறினால், அதில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். எந்திரம் நின்றுவிட்டால் அவர் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுவது இல்லை. நூல் அறுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். ஊசி உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார். கரண்டு வருகிறதா என்று பார்க்கிறார். இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் மெக்கானிக்!

காரும் அப்படித்தான். கிளம்பாத கார் சும்மா இருப்பது இல்லை. என்ன நோய் என்பதைச் சத்தத்தாலும் விளக்காலும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நாம்தான் காது கொடுப்பது இல்லை.

மூன்று தேவை

ஊஞ்சல் தானாக ஆடாது. முதலில் யாராவது ஒருவர் தள்ளிவிட வேண்டும். கார் என்ஜினும் அப்படித்தான். அதை முதலில் சுற்றிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வது "ஸ்டார்ட்டர்" என்னும் மோட்டார். அதற்குக் கரண்டு கொடுப்பது பேட்டரி.

சுற்றினால் மட்டும் போதுமா? போதாது. பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போக வேண்டும். அதைக் கொளுத்தத் தீப்பொறி வேண்டும். தீப்பொறியைக் கொடுப்பது "ஸ்பார்க் பிளக்".

ஆக, மூன்று தேவை: சுற்றிவிடும் சக்தி, பெட்ரோலும் காற்றும், தீப்பொறி. டீசல் காரில் பிளக்கின் தீப்பொறி கிடையாது. காற்றை நன்றாக அமுக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது.

கிளம்பாத காரில் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் குறைந்திருக்கும்.

தாய் வீட்டுக்குப் போன பெண்மணி

உலகத்தில் முதன்முதலில் காரில் நெடுந்தூரம் போனவர் யார் தெரியுமா? ஒரு பெண்மணி!

பெர்த்தா பென்ஸ் என்பது அவர் பெயர். ஜெர்மனியில் மன்ஹைம் நகரில் வாழ்ந்தவர். அவருடைய கணவர் கார்ல் பென்ஸ், 1886-ல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியவர்.

1888 ஆகஸ்டு மாதம். பெர்த்தா தம் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே காரில் புறப்பட்டார். எங்கே? போர்ட்ஸ்ஹைம் நகரில் இருந்த தம் தாய் வீட்டுக்கு! தூரம் 100 கிலோ மீட்டருக்கு மேல்.

அந்தக் காரில் சாவி கிடையாது. பின்னால் இருந்த பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். வழியில் மெக்கானிக்கும் கிடையாது. பெட்ரோல் பங்கும் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார்.

வழியில் வண்டி தகராறு செய்தது. எரிபொருள் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியை எடுத்துக் குத்தி, அடைப்பை நீக்கினார். இன்னோரிடத்தில், தீப்பொறிக்குக் கரண்டு கொண்டுபோகும் வயரின் மேலுறை தேய்ந்துபோனது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டியைக் கழற்றி, அந்த வயரைச் சுற்றிக் கட்டினார். மாலையில் தாய் வீடு போய்ச் சேர்ந்தார்.

கவனித்தீர்களா? ஒன்று எரிபொருள். மற்றொன்று தீப்பொறி. இன்றைக்கும் கார்கள் நிற்பதற்கு இவை முக்கியமான காரணங்கள்! பெர்த்தா பயந்து உட்காரவில்லை. எது வரவில்லை என்று பார்த்தார். வர வைத்தார்.

கையை முறித்த ஹேண்டில்

பிறகு வந்த கார்களை முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றிக் கிளப்பினார்கள். அது சாதாரண வேலை அல்ல. என்ஜின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். ஹேண்டில் திருப்பி அடித்து, மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. சாலையில் இறங்கிச் சுற்ற வேண்டிய அவசியம் போயிற்று.

நம் நாட்டில் பழைய அம்பாசிடர் கார்களில் ஸ்டார்ட்டரும் இருந்தது; கைக்கு ஒரு ஹேண்டிலும் இருந்தது. பேட்டரி கைவிட்டால் டிரைவர் ஹேண்டிலை எடுத்துக்கொண்டு இறங்குவார். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இன்றையப் புதுக் கார்களில் ஹேண்டில் கிடையாது. ஆகவே பேட்டரியைக் கவனிப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

பிரித்துப் பார்த்தவர்

கோவையின் புகழ்பெற்ற ஜி.டி.நாயுடுவைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதன்மேல் ஆசை வைத்தார். கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார்.

வாங்கி என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? இல்லை. அக்கக்காகப் பிரித்தார்! பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து மாட்டினார். அதுதான் அவருக்குப் பள்ளிக்கூடம்.

திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலும் நடத்திப் பார்த்த அவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். முதல் பஸ்சை அவரே ஓட்டினார். பின்னாளில் பெரிய பஸ் கம்பெனியே அவர் கையில் வளர்ந்தது.

நாம் காரைப் பிரிக்க வேண்டாம். ஆனால் பானெட்டைத் திறந்து பார்க்கவே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அந்தப் பயம் தேவை இல்லை.

சத்தம் சொல்லும் சேதி

சாவியைத் திருப்புங்கள். என்ன சத்தம் கேட்கிறது? முன்விளக்கைப் போட்டுக்கொண்டு திருப்பினால் இன்னும் நல்லது.

1. சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டது. அல்லது வயர் கழன்றுவிட்டது.

2. "டக், டக், டக், டக்" என்று வேகமாக அடிக்கிறது. அல்லது ஒரே ஒரு "டக்" கேட்டு, விளக்கு மங்கி அணைந்துபோகிறது. பேட்டரியில் பலம் இல்லை. அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. கதையில் வந்த அப்பாவின் கார் இந்த ரகம்தான். விளக்கைக் கவனித்திருந்தால் பாதி விடை தெரிந்திருக்கும்!

3. ஒரே ஒரு "டக்". ஆனால் விளக்கு மங்கவே இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டரில் கோளாறு இருக்கலாம். மெக்கானிக் வேலை.

4. விளக்கு நன்றாக எரிகிறது, சத்தமே இல்லை. பல புதுக் கார்களில் கிளட்ச்சை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். ஆட்டோமாட்டிக் காரில் கியர் "பார்க்" அல்லது "நியூட்ரல்" நிலையில் இருக்க வேண்டும். அதைப் பாருங்கள். சரியாக இருந்தால், பியூஸ் அல்லது சுவிட்ச்சில் கோளாறு.

5. "கிர்ர், கிர்ர்" என்று என்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை. பேட்டரிமேல் பழி போடாதீர்கள்! பெட்ரோலோ, தீப்பொறியோ வரவில்லை.

"விளக்குத்தான் எரிகிறதே, பேட்டரி எப்படிக் கெட்டுப்போகும்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 60 வாட் முன்விளக்கு ஒன்றுக்கு 5 ஆம்பியர் கரண்டு போதும். ஸ்டார்ட்டருக்கோ 100 ஆம்பியருக்கு மேலே வேண்டும். சோர்ந்துபோன ஆள் குடத்தைத் தூக்குவார். மூட்டையைத் தூக்க மாட்டார். அதுபோலத்தான்.

பூத்த பொடியைத் துடையுங்கள்

பேட்டரியின்மேல் இரண்டு டெர்மினல்கள் இருக்கும். ஒன்று பிளஸ், மற்றொன்று மைனஸ். அவற்றின்மேல் வெள்ளை, பச்சைப் பொடி பூத்தால் கரண்டு சரியாகப் போகாது.

முதலில் காரை அணைத்துவிடுங்கள். மைனஸ் வயரை முதலில் கழற்றுங்கள். பிளஸ் வயரைப் பிறகு கழற்றுங்கள். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். உலர்ந்த துணியால் துடையுங்கள். துணிக்குத் திருப்பூரில் பஞ்சமா? ஊர் ஊராக மெக்கானிக் பட்டறைகளில் கை துடைப்பதே பனியன் வேஸ்ட்டில்தானே!

மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். நன்றாக முறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் பொடி சீக்கிரம் பூக்காது.

பேட்டரிக்குள் இருப்பது ஆசிட். அந்தப் பொடியும் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுப் பேட்டரி

பேட்டரி இறங்கிப்போனால், இன்னொரு காரின் பேட்டரியிலிருந்து கரண்டு கடன் வாங்கலாம். அதற்குச் சிவப்பும் கறுப்புமாகத் தடித்த வயர்கள் விற்கின்றன. இரண்டும் 12 வோல்ட் பேட்டரியாக இருக்க வேண்டும். கார்கள் ஒன்றை ஒன்று தொடக்கூடாது.

வரிசை முக்கியம். சிவப்பு வயரின் ஒரு முனையை, இறங்கிய பேட்டரியின் பிளஸ்சில் மாட்டுங்கள். மறுமுனையை, நல்ல பேட்டரியின் பிளஸ்சில் மாட்டுங்கள். கறுப்பு வயரின் ஒரு முனையை, நல்ல பேட்டரியின் மைனஸ்சில் மாட்டுங்கள். கடைசி முனையை, கிளம்பாத காரின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். பேட்டரிக்குச் சற்றுத் தள்ளி.

ஏன் தள்ளி? பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். கடைசி முனையை மாட்டும்போது பொறி பறக்கும். இரண்டும் சேர்ந்தால் பேட்டரி வெடிக்கலாம்! பீடி, சிகரெட்டுக்கும் அங்கே இடம் இல்லை.

நல்ல காரைச் சில நிமிஷம் ஓட விட்டு, பிறகு மற்றக் காரைக் கிளப்புங்கள். கிளம்பியதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

இன்று கடன் வாங்கிக் கிளப்பிய கார், நாளையும் கிளம்பவில்லையா? பேட்டரிக்கு வயதாகிவிட்டதா என்று சோதியுங்கள். சாதாரணமாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை உழைக்கும். நம் ஊர் வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும். பேட்டரி நன்றாக இருந்தால், ஓடும்போது அதற்குக் கரண்டு ஏற்றும் "ஆல்டர்னேட்டர்" கெட்டிருக்கலாம். அதைப் பார்க்காமல் புதுப் பேட்டரி வாங்கினால், அதுவும் இறங்கிப்போகும். பணம் வீண்!

தள்ளலாமா?

கையால் கியர் போடும் காரை, சமதளமான சாலையில் தள்ளலாம். சாவியை "ஆன்" செய்து, கிளட்ச்சை மிதித்து, இரண்டாவது கியரில் வைத்துக்கொள்ள வேண்டும். கார் உருளத் தொடங்கியதும் கிளட்ச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும்.

என்ஜின் ஓடாதபோது பிரேக்கை மிதிப்பதும், ஸ்டீரிங்கைத் திருப்புவதும் கடினம். ஆகவே சரிவிலும், லாரி ஓடும் சாலையிலும் தள்ளாதீர்கள். ஆட்டோமாட்டிக் காரைத் தள்ளிக் கிளப்ப முடியாது.

சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை

முதலில் பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், பெரிய டிரைவர்களும் ஏமாறும் இடம் இது.

பிறகு, முன்பலகையில் சாவி போட்ட விளக்கு சிமிட்டுகிறதா என்று பாருங்கள். புதுக் கார்களின் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. அதை அடையாளம் தெரியாவிட்டால், திருடன் என்று நினைத்துக் கார் கிளம்பாது! வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

பல புதுப் பெட்ரோல் கார்களில், சாவியை "ஆன்" செய்ததும் பின்பக்கம் டாங்கியிலிருந்து ஓரிரு விநாடி "ம்ம்ம்" என்று மெல்லிய சத்தம் வரும். பெட்ரோல் பம்ப்பின் சத்தம் அது. வழக்கமாகக் கேட்கும் சத்தம் இன்று கேட்கவில்லை என்றால், பம்ப்பையும் அதன் பியூஸ்சையும் மெக்கானிக் பார்க்க வேண்டும்.

பழைய கார்களில் வெயில் காலத்தில் வேறொரு வேடிக்கை நடக்கும். சூட்டில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும். அந்தக் காலத்து டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டு, டீ குடித்துவிட்டு வருவார்கள். வண்டி கிளம்பிவிடும்! இப்போதைய கார்களில் பம்ப் டாங்கிக்குள்ளேயே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

நாள் கணக்கில் நின்ற காரா? எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றைச் செய்யாதீர்கள்!

சாவியை விடாமல் திருப்பிப் பிடிக்காதீர்கள். பத்து விநாடிக்குள் விட்டுவிடுங்கள். அரை நிமிஷமாவது பொறுத்து மறுபடி பாருங்கள். இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும்.

பெட்ரோல் நாற்றம் அடித்தால் சாவியைத் தொடாதீர்கள். கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.

டீசல் காரில் தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டீர்களா? கிளப்பவே கிளப்பாதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரைக் கிளப்பாதீர்கள். என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே கம்பிகள் வளைந்துபோகும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களைக் கிளப்பாமல் இழுத்து வரச் சொன்னது இதனால்தான்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். அதற்கு நாற்றம் கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, உயிர் அவசரத்தில் காரோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு முறை, இரண்டு முறை, கிளம்பவில்லையா? உடனே 108! பாட்டிக்குத் தெரிந்த வைத்தியம் அது.

மூன்றாம் மாதம்

கதையில் வந்த அந்த வீட்டுக்கே திரும்புவோம்.

அன்று காலை பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். மூன்றாம் மாதம், பேத்தியை அப்பன் வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் நாள் வந்தது.

முந்தின நாள் சாயங்காலமே தாத்தா பானெட்டைத் திறந்தார். டெர்மினலை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. கையில் இருந்த பனியன் வேஸ்ட்டால் தூசியைத் துடைத்தார். உள் விளக்கு அணைந்திருக்கிறதா, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஐந்து நிமிஷம்.

"என்னப்பா, நாளைக்குக் கிளம்புமா?" என்று கேட்டார் பாட்டி.

"கிளம்பும்மா. இல்லாட்டியும் என்ன பண்றதுன்னு இப்போ தெரியும்!"

மறுநாள் காலை சாவியைத் திருப்பினார். கார் கிளம்பியது.